பங்குனியில் வெடித்ததன் சத்தம்

ரோடு இரண்டாகப் பிரிகிற கல்லங்காட்டுப் பிரிவில் பஞ்சர் வண்டியின் காற்று டேங்க் வெடித்த அன்றைக்கு, தகடு பறந்தது, புழுதி கிளம்பியது, டீக்கடைக் கூரையின் தகரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சோளக்காட்டில் விழுந்தது, டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த சென்னியப்பனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது, எல்லாம் ஆனது, சத்தம் மட்டும் வரவில்லை. பங்குனி மாதத்து உச்சிவெயில். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு நடுவில் அறுபடவில்லை, கூரைமேல் இருந்த காக்கை கூரை போன பிறகுதான் எழுந்து பறந்தது, பஞ்சரான லாரியின் டிரைவர் வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தபோது டேங்கின் பின்தட்டு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அவன் சொல்லித்தான் மற்றவர்கள் திரும்பினார்கள்.

அந்த ரோட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சங்ககிரிக்கும் பவானிக்கும் நடுவே லாரி டயர் வாயைப் பிளந்து நின்றுவிட்டால் டிரைவர் முதலில் கூப்பிடுவது சாமியை, அடுத்தது ராக்கியண்ணனை. ராக்கியண்ணனின் பட்டறையில் இரண்டு சர்வீஸ் வண்டிகள் இருந்தன. ஜாக்கி, கடப்பாரை, சுத்தியல், ஒரு கம்ப்ரசர் இஞ்சின், அதன் பக்கத்தில் படுத்திருக்கும் பசுமாட்டின் பருமனுக்கு ஒரு காற்று டேங்க், இத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அவை நின்ற லாரியைத் தேடிப் போகும். டேங்கின் தலையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு வால்வு இருக்கும். காற்று அளவுக்கு மிஞ்சினால் அது தானாகத் திறந்து ஸ்ஸ் என்று சீறி மிச்சத்தை வெளியே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும், அதற்குத்தான் அதை வைத்திருக்கிறது. ராக்கியண்ணனுக்கு அந்தச் சீறல் ஆகாது. விளக்கு வைத்த பிறகு வீட்டைக் கூட்டி வெளியே தள்ளினால் லட்சுமி போய்விடுவாள் என்கிறோமே, அதைப்போல, டீசல் ஊற்றி அடைத்த காற்று சீறிக்கொண்டு போனால் கூடவே லட்சுமியும் போகிறாள் என்பது அவர் அப்பன் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. ஆகவே வருசா வருசம் ஆயுத பூஜைக்கு டேங்குக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்கும்போது வால்வுக்கும் சேர்த்தே அடிப்பார்கள், காய்ந்ததும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்து, அதன் கழுத்தில் மஞ்சள் கயிற்றை இறுக்கிச் சுற்றிக் காப்புக் கட்டுவார்கள். வருசம் ஏற ஏறப் பெயிண்டும் சந்தனமும் கயிறும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, வால்வு சின்னதாக ஒரு சிலை ஆகிவிட்டது. சிலை எங்கே வாய் திறக்கப் போகிறது?

வெடித்தது, சத்தம் வரவில்லை. இதை அந்தப் பிரிவு ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், மழை தள்ளிப்போனதை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் குழம்பினார்கள், மூன்றாம் நாள் அங்கமுத்து வாத்தியார் டீக்கடைக்கு வந்து, "மின்னல் முன்னால, இடி பின்னால. இது கொஞ்சம் தொலைவா இருக்குது, வந்து சேரும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார், அத்தோடு குழப்பம் தீர்ந்தது. வரவேண்டிய சத்தம் வரும், வரும்போது நாம் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விசயம். தாய்மார்கள் கைக்குழந்தைகளின் காதில் பஞ்சு வைத்துத் தூங்கப் போட்டார்கள். மாரியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போடுகிறவனைக் கூப்பிட்டு, இந்த வருசம் வேண்டாம்ப்பா, எது உன்னது எது அதனதுன்னு தெரியாமப் போயிரும் என்று வெற்றிலை பாக்கு வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பஸ் கண்டக்டர்கள் 'சத்தம் பாக்கி எறங்கு' என்று குரல் கொடுத்தால் கல்லங்காட்டுப் பிரிவுக்காரர்கள் கோபப்படாமல் இறங்கிக்கொண்டார்கள். வாத்தியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி, சத்தம் வந்தால் கடையை விடு, சாமானை விடு, பிள்ளையை மட்டும் தூக்கு, ரோட்டைத் தாண்டிச் சோளக்காட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் படுத்துக் காதைப் பொத்து என்று சொல்லிக் கொடுத்தார், ஓடியும் காட்டினார், வேட்டி தடுக்கி விழுந்தும் காட்டினார். அதற்குப் பிறகு வேலை இல்லாத ஞாயிறுகளில் ஜனங்கள் அதைப் பழகிப் பார்ப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது.

எல்லோரும் சத்தத்துக்குப் பயந்தார்கள், ஒருத்தி மட்டும் அது வரவேண்டும் என்று காத்திருந்தாள். அவள் சென்னியப்பனின் மனைவி தங்காயி.

தங்காயி விசைத்தறிக்காரி. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காத கொட்டகையில் பதினாறு வயசிலிருந்து நின்றவள், சத்தத்துக்கு அவள் என்றைக்கும் பயந்ததில்லை. அவளுக்குப் பயம் வேறு. வெடித்த வண்டி போய்விட்டது. பட்டறையில் இன்னொரு வண்டி இருந்தது, அதன் டேங்க்கும் அதே வயசு, அதே வெள்ளிப் பெயிண்ட், அதே சிலை. அந்த வண்டியில் வேலைக்குப் போகிறவன் அவள் தம்பி நாச்சிமுத்து. அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள்.

சத்தம் வராததால் வந்த வினை என்னவென்றால், விபத்தை விசாரிக்க வந்த ஆபீசர், நல்ல மனுசன்தான், டீக்கடையில் ஒவ்வொருத்தரிடமும், "வெடிச்ச சத்தம் கேட்டுதுங்களா?" என்று கேட்டார். அந்த ஊர்க்காரர்களுக்குப் பொய் சொல்ல வாய் வராது. "கேக்கலீங்க" என்றார்கள். காது கேட்காத கருப்பண்ணத் தாத்தா மட்டும், "எனக்குக் கேட்டுதே, நல்லாக் கேட்டுதே" என்றார், அவர் சொல்லை யார் எடுத்துக்கொள்வார்கள்? ராக்கியண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "வெடிச்சா சத்தம் வரோணுமுங்க. சத்தமில்லைன்னா வெடிக்கலைன்னுதானே அர்த்தம்? என்னமோ தகடு கழண்டுருக்குது, பையன் கொஞ்சம் அசந்துட்டான்" என்றார். ஆபீசரும் வேறென்ன செய்வார், கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். இங்கே நெய்யும் வடிந்தது, ஒரு கால் போன ஆளும் கண்முன்னால் படுத்திருந்தான், ஆனாலும் அசந்துட்டான் என்கிற அந்த ஒரு சொல் ஊரில் நிலைத்துவிட்டது.

சென்னியப்பனை அந்தச் சொல்தான் தின்றது. கால் போனதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், வீட்டுக்கு வந்த பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "ஏம்புள்ள," என்றான் ஒருநாள், "நான் அசரலை. காத்துப் பைப்பை மாட்டிட்டு மீட்டரு முள்ளைத்தான் பாத்துட்டு நின்னேன். வால்வு சீறும் சீறும்னு காத்துட்டு நின்னேன். நீயாவது நம்புறயா?"

"நானு நம்பாம?"

"உன்ற தம்பி நம்ப மாட்டீங்கறான்."

அது உண்மை. நாச்சிமுத்து நல்ல பையன், மச்சானுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் அவன்தான், கட்டுப் பிரித்துக் கட்டுவதும் அவன்தான், ஆனாலும் அக்காவிடம் தனியாக, "மச்சான் கொஞ்சம் அசந்துருப்பாருக்கா. நான் சூதானமா இருந்துக்குவன், நீ பயப்படாத" என்றான். அசந்ததால் வந்தது என்றால், அசராமல் இருந்தால் வராது என்றுதானே ஆகிறது? அந்த நம்பிக்கையில் அவன் தினமும் அந்த டேங்க்கின் பக்கத்தில் குந்தி டயருக்குக் காற்றுப் பிடித்தான். தங்காயிக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறைக்கே போய்க் கேட்டாள். ராக்கியண்ணன் கெட்டவரில்லை, கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருப்பாள். வாசலில் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலி போட்டார், வீட்டுக்காரம்மாளைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

"ஏனுங்ணா, அந்த வால்வை மட்டும் சொரண்டி உட்ருங்ணா. கயித்தை அறுத்து உட்ருங்ணா. வேற ஒண்ணும் நான் கேக்கலீங்."

"அம்மிணி, நீ வேற எது கேட்டாலும் செய்யறன். சாமிக்குக் கட்டுன காப்பை அறுக்கச் சொல்லாத. எங்கப்பன் ஒத்தைக் கைப்பம்போட ரோட்டோரம் ஒக்காந்து ஆரம்பிச்சது இது. வால்வு சீற ஆரம்பிச்சா அத்தனையும் போயிரும்."

"அவரு காலு போச்சேங்ணா."

"அது கிரகம், கண்ணு. டேங்க்கு வெடிச்சிருந்தா இந்த ஊருக்கே கேட்டிருக்குமே. கேட்டுச்சா? நீயே சொல்லு."

தங்காயி மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வருகிற வழியில் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இனி அந்த மனுசனிடம் பேசிப் பிரயோசனமில்லை, பேச வேண்டியது சத்தத்திடம்தான்.

அதிலிருந்து தறி விட்டு வீடு போகும் வழியில், டேங்க் வெடித்த புளியமரத்தடியில் நின்று அவள் சத்தத்தைக் கூப்பிட ஆரம்பித்தாள். மேயப் போய் வழி மாறிய மாட்டைக் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில், கோபமில்லாமல், கொஞ்சலும் இல்லாமல், "வந்துரு. எங்க போய் நிக்கற? நேரமாச்சு, வந்துரு" என்பாள். முதலில் பார்த்தவர்கள் பொம்பளைக்குப் புத்தி பிசகிப்போச்சு என்று உச்சுக்கொட்டினார்கள், பிறகு அதுவும் பழகிவிட்டது, பூ விற்கிறவள் அவளைப் பார்த்தால், "என்னக்கா, இன்னும் வல்லீங்களா?" என்று, வராத பஸ்ஸை விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போவாள். "வந்துரும் தாயி" என்பாள் தங்காயி. சித்திரை போனது, ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது, சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அவள் ஒருநாளும் கூப்பிடாமல் வீட்டுக்குப் போனதில்லை.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவிக் கோலம் போட்டு, வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, ஜாக்கியிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். டேங்க்குக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, வால்வுக்குப் புதுக் காப்புக் கட்டி, முள் இருக்கிற கண்ணாடிக்கும் முகம் மாதிரி சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. பூஜைக்குப் பானை நிறைந்திருக்க வேண்டும் என்பது மாதிரி அந்தப் பட்டறையில் டேங்க்கும் நிறைந்திருக்க வேண்டும், கற்பூரம் காட்டும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். நாச்சிமுத்து இஞ்சினை முடுக்கிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் பூசணிக்காயோடு நின்றான், அவன் பெண்டாட்டி பொரித்தட்டோடு நின்றாள், பிரிவே குடும்பம் குடும்பமாக டேங்க்குக்கு எதிரில் கூடியிருந்தது, ராகுகாலம் முடியட்டும் என்று ராக்கியண்ணன் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இஞ்சின் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. முள்ளைப் பார்க்கச் சந்தனம் விடவில்லை.

சென்னியப்பன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்திருந்தான், ஆயுதத்தைக் கும்பிடாமல் இருக்க அவனால் முடியாது. ஆனால் வாசலைத் தாண்டி வரவில்லை. இஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. "புள்ள," என்றான், "இஞ்சின் மொணங்குது. அன்னைக்கும் இப்புடித்தான் மொணங்குச்சு."

தங்காயி வாசலிலிருந்தே தம்பியைக் கூப்பிட்டாள். "நாச்சி, நிறுத்திட்டு வெளிய வா."

"பூஜை நேரத்துல என்னக்கா நீ."

"உன்ற பொண்டாட்டியையாவது கூட்டிட்டு வா."

"அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நின்னு அபசகுனமாப் பேசாத" என்றார் ராக்கியண்ணன். கூடியிருந்தவர்களும் பாவம் என்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். சென்னியப்பன் கட்டையை எடுத்துவைத்து உள்ளே நடக்கப் பார்த்தான், அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஓடிப்போய் இழுத்தால் ஒருத்தியை இழுக்கலாம், ஒருத்தனை இழுக்கலாம், பிரிவையே எப்படி இழுப்பது? அவள் பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி, தொண்டை நரம்பு புடைக்க, தறிக்கொட்டகையில் அந்தக் கடைசியில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"அடேய், எத்தனை நாளாக் கூப்புடறன். இன்னைக்கு வரலைன்னா நீ எப்பவுமே வரவேண்டாம், போ."

சத்தம் வந்தது.

கிழக்கே இருந்து ரோட்டோடு வந்தது, பங்குனி வெயிலின் சூட்டோடு வந்தது, ஓடிக்கொண்டிருந்த லாரிகளெல்லாம் அதற்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்க, புளியமரத்து இலைகள் ஒருபக்கமாகச் சாய, டீக்கடையின் புதுத் தகரத்தைத் தடவிவிட்டு, இத்தனை மாதம் எங்கெங்கே அலைந்து எவ்வளவு பெருத்ததோ அவ்வளவும் சேர்ந்து, பட்டறை வாசலில் நின்ற தங்காயியைத் தாண்டி உள்ளே போய் வெடித்தது. காது கேட்காத கருப்பண்ணத் தாத்தா மட்டும், "இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாராம். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பொருள் உடையவில்லை, ஒரு கோலப்பொடி கலையவில்லை, வெறும் சத்தம்தான். ஆனால் பழகின கால் சும்மா இருக்குமா? கடையை விடு, சாமானை விடு, பிள்ளையைத் தூக்கு. பொரித்தட்டு பறந்தது, பூசணிக்காய் உருண்டது, நாச்சிமுத்து பெண்டாட்டியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடினான், சென்னியப்பனை வெள்ளரிக்காய் விற்கிறவன் முதுகில் போட்டுக்கொண்டு ஓடினான், ராக்கியண்ணன் கற்பூரத்தோடு ஓடினார், முன்னால் ஓடிய அங்கமுத்து வாத்தியார் இந்த முறை விழவில்லை. பிரிவு முழுக்கச் சோளக்காட்டு வரப்புக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டது.

சத்தம் ஓய்ந்தது. ஒவ்வொருத்தராகத் தலை தூக்கினார்கள். மாதக்கணக்காகக் காத்திருந்தது வந்து போய்விட்டது என்ற நிம்மதியில் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு வரப்பு நெடுக ஓடியது, பெண்கள் பிள்ளைகளின் காதிலிருந்து பஞ்சை எடுத்து எறிந்தார்கள். ராக்கியண்ணன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அவ்வளவுதானே, வந்துட்டுப் போயிருச்சு. வாங்க வாங்க, இஞ்சின் ஓடிட்டு இருக்குது, நல்ல நேரம் போவுது" என்று ரோட்டைப் பார்த்து நடந்தார். நாச்சிமுத்துவும் பின்னால் எழுந்தான்.

தங்காயி வரப்பின்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

"ஏனுங்ணா, இப்ப கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு அம்மிணி, கேட்டுச்சு. வழிய உடு."

"கேட்டது என்ற புருசன் டேங்க்கோடதுங்ணா. உள்ள நிக்கறது இன்னொண்ணு."

ராக்கியண்ணன் அவளைப் பார்த்தார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மொணங்கிக்கொண்டிருந்த இஞ்சினைக் கேட்டார், வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பட்டறையில் நின்ற வண்டியின் டேங்க் அப்போது வெடித்தது, இந்த முறை தகடும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. பின்தட்டு பட்டறையின் வாசற்சுவரை ஓர் ஆள் உயரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனது. கோலம் இல்லை, வாழைக்கன்று இல்லை, கொஞ்ச நேரத்துக்கு முன்பு பிரிவே நின்ற இடத்தில் செங்கல்லும் தகரமும் குவிந்து கிடந்தன. நாச்சிமுத்து அந்த இடத்தைப் பார்த்தான், பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தான், பிறகு வரப்போரம் உட்கார்ந்திருந்த மச்சானிடம் போய் அவன் பக்கத்தில் குந்தினான்.

"நீங்க அசரலீங் மச்சான்" என்றான்.

சென்னியப்பன் அன்றைக்குத்தான் அழுதான்.

அடுத்த வாரம் அதே ஆபீசர் வந்தார். இடிந்த சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம், "இந்தத் தடவையாவது சத்தம் கேட்டுதுங்களா?" என்றார்.

"ரெண்டு கேட்டுதுங்க" என்றார்கள் எல்லோரும்.

"ரெண்டா? ஒரு டேங்க்தானே வெடிச்சிருக்குது?"

எல்லோரும் ராக்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் கையில் பிய்ந்துபோன வால்வு இருந்தது, நான்கு நாளாக உட்கார்ந்து ஆணியால் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்டையும் சந்தனத்தையும் எடுத்திருந்தார், அடியில் பித்தளை தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வெடிச்சுதுங்க" என்றார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "மொதல்ல வெடிச்சது பங்குனியில. பையன் மேல தப்பில்லீங்க. வால்வை அடைச்சது நானு."

ஆபீசர் எழுதிக்கொண்டார். தங்காயி அவர் எழுதுவதைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே கட்டையை ஊன்றிக்கொண்டு நின்ற சென்னியப்பனைப் பார்த்தாள், அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்டிருக்காது என்று தெரிந்தது.

"சத்தமாச் சொல்லுங்ணா" என்றாள். "அவருக்குக் கேக்கோணும்."

ராக்கியண்ணன் தலையை நிமிர்த்தி, சென்னியப்பனைப் பார்த்து, ரோட்டில் போகிற லாரிகளுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.